கீழ் வீட்டு நிலைக்கால்

லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் பகுதிக்குக் குடிவந்த அன்று, சாவியைக் கீழ் வீட்டில் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நிலைக்காலில் தோள் உயரத்தில் சாய்வாக ஒரு சின்ன வெள்ளிக் குழல் இருந்தது. காலிங் பெல் என்று நினைத்து இரண்டு முறை அழுத்தினேன். அதன்மேல் இருந்த எழுத்து வேறு திரிசூலம் மாதிரி தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறந்தார்.

கீழ் வீட்டார் யூதர்கள். அது மெசூசா, யூதர்கள் வீட்டு நிலையில் பதிப்பது. உள்ளே, தோலில் கையால் எழுதிய வசனங்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். திரிசூலம் என்று நான் நினைத்தது ஷின் என்ற எபிரேய எழுத்து. வசனம் ஷெமா: ‘இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்.’ தமிழ் பைபிளில் உபாகமம் ஆறாம் அதிகாரம். வீட்டு நிலைகளில் இதை எழுது என்ற கட்டளையும் அங்கேயே வருகிறது. எழுதி ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். நம்பிக்கை ஒரே வரி. அதை வைத்து வாழ்வதற்குத்தான் யூத வேதமான தோராவில் 613 கட்டளைகள் என்று மரபுக் கணக்கு. ஒவ்வொன்றையும் மிட்ஸ்வா என்கிறார்கள்.

அவற்றில் என்னைச் சுற்றவிட்டது ஷபாத் என்ற வாராந்திர ஓய்வுநாள். வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குச் சற்று முன் பாட்டி மெழுகுவத்தி ஏற்றுவார். டிசம்பரில் மதியம் மூன்றரைக்கே ஏற்ற வேண்டியிருக்கும். ஜூனில் ஒன்பது மணியானாலும் வெளிச்சம் போகாது. அதிலிருந்து சனிக்கிழமை நட்சத்திரம் தெரியும் வரை 39 வகை வேலைகள் கூடாது. உழுவது, விதைப்பது, எழுதுவது, முடிச்சுப் போடுவது, நெருப்பு மூட்டுவது என்று போகும் பட்டியல். களைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சோபாவைத் தூக்கி நகர்த்தலாம், விளக்கு சுவிட்சைத் தொடக்கூடாது. பொது இடத்தில் பொருளைத் தூக்கிப்போவதும் அந்த 39இல் ஒன்று. அதற்காகவே இந்தப் பகுதியைச் சுற்றிக் கம்பம் நட்டு, மெல்லிய இழை கட்டி, எல்லாம் ஒரே முற்றம் என்று 2003இல் ஏற்பாடு செய்தார்கள். பெயர் எருவ். அந்த இழைக்குள் தள்ளுவண்டியில் குழந்தையைக் கூட்டிப்போகலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு கீழ் வீட்டுத் தாத்தா மாடியேறி வந்தார்.

“எங்கள் பிரிட்ஜைத் திறந்தால் விளக்கு எரியும்” என்றார்.

“ஆமாம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான்” என்றேன்.

அவர் நகரவில்லை. “நாளைய சாப்பாடு உள்ளே இருக்கிறது.”

என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. கீழே போய், பிரிட்ஜைத் திறந்து, பல்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். வழக்கமாக அவர்கள் முன்கூட்டியே கழற்றிவிடுவார்களாம்; அன்று மறந்துபோயிற்று. யூதர் அல்லாதவரிடமும் ‘இதைச் செய்’ என்று கேட்கக்கூடாது. குறிப்பாகச் சொல்லலாம், அதுவும் எல்லா நேரத்திலும் அல்ல. எப்போது, எப்படி என்பதற்கே பக்கம் பக்கமாக விவாதம் இருக்கிறது.

நன்றி சொல்லத் தாத்தா மறுவாரம் கேக் கொடுத்தார். பதிலுக்கு நாங்கள் வெண்ணெய் முறுக்கு கொண்டுபோனோம். பாட்டி தட்டைக் கையில் வாங்காமல் தர்மசங்கடமாக நின்றார். எங்கள் அடுப்பு, எங்கள் எண்ணெய்ச் சட்டி எதுவும் கோஷர் இல்லை, அதாவது யூத உணவு விதிப்படி ஆனதில்லை. அவர் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியே இரண்டு, பாலுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று. எனக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை. மதுரையில் எங்கள் அம்மாச்சி வீட்டிலும் கறிக்குழம்புச் சட்டி தனிதான்; வெள்ளிக்கிழமை அதைத் தொடவிட மாட்டார். அம்மாச்சியிடம் காரணம் கேட்டால் அடி விழும். இங்கே காரணம் கேட்டால் தாத்தா ஒரு மணி நேரம் பேசுவார், கடைசியில் ரபிகள் என்ற யூத மத குருக்கள் இருவரின் எதிரெதிர்க் கருத்தைச் சொல்லி என்னிடமே விட்டுவிடுவார்.

போன மாசிக் குளிரில் தாத்தா தவறிப்போனார். மறுநாளே அடக்கம். அப்புறம் ஷிவா, ஏழு நாள் துக்கம். கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். கதவு பூட்டவில்லை, யாரும் மணி அடிக்காமல் உள்ளே போகலாம். பாட்டி தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சட்டையில் கிழிசல். துக்கத்தில் இருப்பவர் பேசும் வரை நாம் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காத்திருந்தேன்.

“உங்கள் ஊரில் எத்தனை நாள்?” என்று அவர்தான் கேட்டார்.

“பதினாறு.”

“அவ்வளவு நாளா! யார் சமைப்பது?”

முதலில் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும்தான் என்றேன். இங்கேயும் அப்படித்தானாம். நான் கொண்டுபோயிருந்தது ஒரு பை ஆரஞ்சு, தோலுரிக்காத முழுப்பழம். இந்த முறை கைநீட்டி வாங்கிக்கொண்டார்.