கிழங்கின் முதுகு வெயில் காணட்டும்

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி வவுனியா, ஹொரவப்பொத்தானை தாண்டித் திருகோணமலையில் இறங்கும்போது கச்சான் காற்று முகத்தைச் சுட்டது. இந்த முறை கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகவில்லை, கோணேசரை மட்டும் கும்பிட்டுவிட்டு சின்னம்மா வீட்டிலேயே கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியவே தட்டி எழுப்பினார். "எழும்பு பிள்ளை, வெயில் ஏற முன்னம் ரீச்சர் வீட்ட போகவேணும்."

கோட்டைக்குக் கிட்ட ஒரு பழைய வளவு. மாதத்தில் ஒரு ஞாயிறு அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், ஒவ்வொரு முறையும் ஒருவர் வீட்டில், கூடுகிறார்கள். பெயர்ப் பலகை இல்லை, சந்தா இல்லை. ஒரு செடிக் கன்று கொண்டுவர வேண்டும், ஒன்று கொண்டுபோகலாம், அவ்வளவுதான். பிளேன்டியும் பருப்பு வடையும் வீட்டுக்காரர் பொறுப்பு.

கிணற்றடியிலிருந்து தள்ளி, நல்ல வெயிலில், விசிறி மாதிரி விரிந்த இலைகளுக்கு மேலே ஆரஞ்சுப் பூக்கள். ஆறு இதழ், இதழெல்லாம் சிவப்புப் புள்ளி. ஐரிஸ் என்றார் ரீச்சர். எனக்கு நம்ப முடியவில்லை, ஏனென்றால் போன வருடம் நுவரெலியாவிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த ஐரிஸ் கிழங்கு ஒன்றை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, இரண்டு மாதத்தில் அது கூழாகி நாறிப்போய், அன்று முழுக்க எனக்கு மனமே சரியில்லை.

ரீச்சர் பக்கத்தில் குந்தி மண்ணை விரலால் விலக்கிக் காட்டினார். நான் புதைத்தது தாடி ஐரிஸ், இதழில் தாடி மாதிரி மயிர் இருக்கும், அது குளிர் நாட்டுச் சாமான், மாரியில் நல்ல குளிர் பட்டால்தான் ஒழுங்காகப் பூக்கும், கனடாவில் மகள் வீட்டு முற்றத்தில் மே, ஜூனில் பூக்கிறது, இங்கே அதை வருத்தக்கூடாது என்றார். இந்த ஆரஞ்சுப் பூச்செடி அதன் உறவுக்காரன். முன்பு பெலம்கண்டா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள், 2005இல் மரபணுவைப் பார்த்து ஐரிஸோடேயே சேர்த்துவிட்டார்கள். நம் சூட்டைத் தாங்கும். ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று, ஈரம் தேங்கினால் கிழங்கு அழுகும். அதிலும் தாடி ஐரிஸுக்குக் கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே தெரியவேண்டும், வேர் மட்டும்தான் கீழே. அழுகினால் மெத்தென்ற பகுதியைக் கத்தியால் சுத்தமாக வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒன்றிரண்டு நாள் காயவிட்டு, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி மறுபடி நடுகிறார் அவர். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நடாவிட்டால் ஒன்றையொன்று நெருக்கிப் பூ குறைந்துவிடும்.

மான்கள் வேலிக்குள் புகுந்து செவ்வரத்தைக் குருத்தெல்லாம் மேய்ந்துவிட்டனவாம், இதை மட்டும் தொடவில்லையாம்.

மாமர நிழலில் இன்னொன்று, நடக்கும் ஐரிஸ். வெள்ளையும் நீலமுமாகப் பூத்து, பூ முடிந்ததும் தண்டின் நுனியில் குட்டிக் கன்று முளைத்து, அந்தப் பாரத்தில் தண்டு வளைந்து மண்ணைத் தொட்டு அங்கேயே வேர்விடுகிறது. அப்படியே வளவெல்லாம் நடந்துபோகிறது!

இரண்டிலும் ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். ஆரஞ்சுச் செடியில் முந்தின நாள் பூவைப் பார்த்தேன், பிழிந்த ஈரத்துணி போல முறுக்கிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே காய்கள். வெடித்த காய்க்குள் கன்னங்கரேலென்று மினுங்கும் விதைகள். ஒரு நாள் பூ என்பதால்தான் இவர்கள் காலையிலேயே கூடுகிறார்கள், மத்தியான வெயில் வர முன்னம், பூ முழுசாக விரிந்து நிற்கும் நேரத்தில். ஒரு அம்மா ஒவ்வொரு பூவாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார், வடையைக்கூடத் தொடவில்லை.

நான் வெறுங்கையோடு போனவள். ஆனாலும் ரீச்சர் ஆரஞ்சுச் செடியில் ஒரு இலை விசிறியைக் கிழங்கோடு பிரித்து, இலையைப் பாதியாகக் கத்தரித்து (இல்லாவிட்டால் வேர் பிடிக்க முன்னம் இலை தண்ணீரையெல்லாம் இழுத்துவிடும்), பேப்பரில் சுற்றித் தந்தார். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கிணற்றடியில் நடவில்லை, தெற்கு மதிலோரம் மணலைக் கூட்டி மேட்டில் நட்டேன். நடுவில் ஒரு புதுக் குருத்து நிமிர்ந்திருக்கிறது. அடுத்த முறை கொண்டுபோக நந்தியாவட்டையில் பதியம் போட்டிருக்கிறேன்.