நியூ பெட்ஃபோர்டில் டக்ளஸும் டெம்பிளும்

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் தென்கரையில் உள்ள நியூ பெட்ஃபோர்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் திமிங்கல வேட்டையில் செல்வம் சேர்த்த கப்பல் முதலாளிகளிடமிருந்தே தொடங்குகிறார்கள். என் மனத்தில் அது, தென் மாநிலங்களிலிருந்து வந்து உடலுழைப்பால் பிழைத்த கறுப்பின மக்களின் ஊராகவே பதிந்திருக்கிறது.

1838 செப்டம்பரில், பால்டிமோரில் அடிமையாக இருந்த 20 வயது இளைஞர் ஒருவர் மாலுமி உடையில் ரயிலேறித் தப்பி, நியூயார்க்கில் அன்னா மர்ரேயை மணந்து, அவருடன் இந்நகரை வந்தடைந்தார். அவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்த நேதன், பாலி ஜான்சன் தம்பதியரும் கறுப்பினத்தவரே. அந்த இளைஞர் நியூயார்க்கில் வைத்துக்கொண்டிருந்த ஜான்சன் என்ற பெயர் ஊரில் மிகுந்திருந்ததால், தாம் அப்போது படித்துக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துக் காவியத்திலிருந்து 'டக்ளஸ்' என்ற பெயரை நேதன் எடுத்துக் கொடுத்தார். அடிமை ஒழிப்புப் போராளி ஃபிரெடெரிக் டக்ளஸ் என்று உலகம் அறிந்த பெயர் அந்த வீட்டில்தான் பிறந்தது.

வந்த மூன்றாம் நாள் ஒரு சிறு கப்பலில் எண்ணெய் ஏற்றும் வேலை கிடைத்தது. கூலி முழுவதும் தமக்கே உரியதாக அவர் செய்த முதல் வேலை அதுதான். அவருடைய வாழ்க்கையில் எந்தப் பெரிய மேடையைவிடவும் அந்த நாளையே நான் அதிகமாக எண்ணிப் பார்க்கிறேன். அவர் கப்பல் பலகைகளின் இடுக்கை அடைக்கும் கலப்பத்துத் தொழிலில் தேர்ந்தவர். ஆனால் வெள்ளையர்கள் அவருடன் சேர்ந்து கலப்பத்து அடிக்க மறுத்தமையால், பாதிக் கூலிக்கு விறகு அறுக்கவும் நிலக்கரி அள்ளவும் நேர்ந்தது. அடிமை முறையை வெறுத்த நகரத்திலும் நிலைமை இதுதான். 1841 ஆகஸ்டில் நான்டக்கெட் தீவில் ஆற்றிய உரை அவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்துச் சென்றது.

அதே காலத்தில் நியூ பெட்ஃபோர்டில் கொல்லுப்பட்டறை நடத்தியவர், வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பிறந்த லூயிஸ் டெம்பிள். எறிந்த ஈட்டி திமிங்கலத்தின் உடலிலிருந்து நழுவி வெளிவருவது வேட்டைக்காரர்களின் பெருந்தொல்லையாக இருந்தது. 1848-இல் அவர் செய்த ஈட்டியின் முனை, சதைக்குள் சென்றதும் அதைப் பிடித்திருக்கும் சிறு மர ஆணி முறிந்து குறுக்காகத் திரும்பி இறுகிக்கொள்ளும். திமிங்கல வேட்டைத் தொழிலையே மாற்றிய அந்தக் கருவிக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. பிற கொல்லர்கள் தடையின்றி அதைச் செய்து விற்றார்கள். பின்னர், நகரின் கட்டுமானப் பணியில் விடப்பட்டிருந்த பலகையில் தடுக்கி விழுந்து காயமுற்ற அவருக்கு 2,000 டாலர் இழப்பீடு ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்தப் பணம் கைக்கு வருமுன்பே, 1854-இல் அவர் இறந்துபோனார். இன்று நகரப் பொது நூலகத்தின் முன்னால், கையில் ஈட்டியுடன் அவருடைய சிலை நிற்கிறது.