கூஸ்கோவில் பானை, அரேகிபாவில் பொம்மை

பெரு நாட்டிலுள்ள கூஸ்கோ, ஒரு காலத்தில் இன்கா பேரரசின் தலைநகர், 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. உடம்பு பழகும்வரை ஊர் சுற்றாமல் மியூசியம் பார்க்கலாம் என்று, ஊரின் நடுச் சதுக்கமான பிளாசா டி அர்மாஸுக்குப் பக்கத்திலுள்ள இன்கா மியூசியத்துக்குப் போனேன். ஸ்பானியர் காலத்து மாளிகை அது. இப்போது உள்ளூர்ப் பல்கலைக்கழகம் நடத்துகிறது.

தங்கம் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். 1532-ல் ஸ்பானியப் படைத்தலைவன் பிசாரோ இன்கா அரசன் அதாவல்பாவைக் கஹமார்காவில் சிறைபிடித்தான். விடுதலைக்கு விலையாக ஓர் அறை நிறையத் தங்கம் தருவதாகப் பேச்சு. வந்து குவிந்த சிலைகளையும் பாத்திரங்களையும் உலையில் போட்டுக் கட்டிகளாக்கினார்கள். தங்கம் போயிற்று, மறு வருஷம் அரசன் உயிரும் போயிற்று. மண்ணையும் மரத்தையும் உருக்கி என்ன லாபம்? அதனால் அவை தப்பின.

எனக்குப் பிடித்தது உர்ப்பு என்ற பெரிய ஜாடி. நீண்ட கழுத்து, விரிந்த வாய், கூம்பாகக் குவியும் அடி. தரையில் வைத்தால் நிற்காதே என்றுதான் முதலில் தோன்றும். குழி பறித்து நட்டுவிட்டால் நிற்கும்; சாய்த்து ஊற்றவும் சுலபம். இரண்டு காதுகளும் வயிற்றுக்குக் கீழே இருக்கின்றன. தோள்பக்கம் ஒரு சின்ன மிருகத் தலை துருத்திக்கொண்டிருக்கிறது. அலங்காரம் என்று நினைத்தால், அதுதான் கயிற்றுக்குக் கொக்கி. காதுகளில் கோத்த கயிற்றை அந்தத் தலையின் மேல் போட்டு இழுத்து, ஜாடியை முதுகில் சுமப்பார்களாம். ஒரு பக்கம் செடி மாதிரியான கோலம், நடுவில் சாய்சதுரங்கள். கறுப்பு, சிவப்பு, வெள்ளை. சக்கரமே இல்லாமல் கையால் வனைந்தது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

உள்ளே இருந்தது சிச்சா, அதாவது மக்காச்சோளக் கள். அரசாங்க வேலைக்கு வந்த ஜனங்களுக்கு அரசன் சாப்பாடும் சிச்சாவும் போட வேண்டும். ஈக்வடார் முதல் சிலி வரை ஒரே வடிவ ஜாடி கிடைப்பதால், குடிக்கும்போதே யாருடைய ராஜ்ஜியம் என்று ஞாபகம் வந்திருக்கும்! பக்கத்து அறையில் கேரோ என்ற மரக்குவளைகள். இவற்றை ஜோடியாகத்தான் செய்வார்களாம். தனியாகக் குடிப்பது அங்கே மரியாதை இல்லை.

சிச்சா இன்றும் உண்டு. பீசாக் போகும் சாலையில் கழியில் சிவப்பு பிளாஸ்டிக் பை கட்டிய வீடுகளில் கிடைக்கும். நானும் குடித்தேன். முதல் சொட்டைத் தரையில் பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு, ஊற்றச் சொன்னார்கள். புளிப்பு, சுமார்தான்.

அப்புறம் பெருவின் இன்னொரு நகரமான அரேகிபா. அங்கே சாந்துவாரியோஸ் அந்தினோஸ் மியூசியத்தில், 1995-ல் அம்பாட்டோ எரிமலை உச்சியில் கிடைத்த ஹுவானிட்டா என்ற பெண்ணின் உறைந்த உடல் இருக்கிறது. மலைத் தெய்வத்துக்குப் பலி கொடுக்கப்பட்டவள். எல்லாரும் அவளைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நான் நின்றது, மலைக் காணிக்கையாக வைத்த பொம்மைகளிடம்.

உள்ளங்கைக்குள் அடங்கும் உருவங்கள். ஒன்று தங்கம், ஒன்று வெள்ளி, ஒன்று ஈக்வடார் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் கிடைக்கும் செஞ்சிப்பி. ஒவ்வொன்றுக்கும் அளவாக நெய்த துணி, மேலாடையைப் பிடிக்கக் குட்டி ஊசி, தலையில் இறகுக் கிரீடம். துணி அத்தனை புதிதாக இருக்கிறது. மற்ற இடங்களில் இப்படிப்பட்ட உருவங்களைப் பார்த்தால் பெரும்பாலும் அம்மணமாக இருக்கும். துணி மட்கிப் போயிருக்கும், அவ்வளவுதான். 6,000 மீட்டருக்கு மேல் குளிரும் பனியும் காவல் இருந்ததால் இவை உடையோடு கிடைத்தன. ஸ்பானியர் கைக்குச் சிக்கியிருந்தால் தங்கப் பொம்மைகள் கட்டியாகியிருக்கும்.

உள்ளே வெளிச்சம் குறைவு, குளிரும் உண்டு; ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். வழிகாட்டியோடுதான் அனுப்புகிறார்கள், அவர்களுக்கோ ஹுவானிட்டாவிடம் போகிற அவசரம். பொம்மைகளைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.