மூன்றரை மணிக்கு அப்புறம் பிள்ளை எங்கே?

மகள் ஒன்றாம் வகுப்பு போகும் வரை எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலேயே குழந்தைகள் காப்பகம் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் திருத்தம் வந்ததே, அதன்படி வைத்தது. ஆனால் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். ஆறு முடிந்தால் பிள்ளை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் போல!

பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடுகிறது. ஷிப்மெண்ட் சமயத்தில் நான் வீடு சேர ஏழு மணி. கணவருக்குத் துணிக்குச் சாயம் போடும் டையிங்கில் வேலை. ஒன்றரை ஷிப்டு ஓடினால் ராத்திரிதான். அம்மிச்சியை, அதாவது என் அம்மாவை, வரச் சொல்லலாமே என்றார்கள். காங்கேயத்தில் இருக்கும் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மாடு கன்ன உட்டுப்போட்டு நான் எப்படி அம்மணி வர்றது?"

மிச்சம் இரண்டு வழி. பள்ளியிலேயே ஐந்தரை வரை நடக்கும் வகுப்புகள், அல்லது வேன் வைத்துக் கூட்டிப்போகும் டே கேர். இரண்டையும் சொல்லாமல் கொள்ளாமல் நாலரை மணிக்குப் போய்ப் பார்த்தேன். முன்கூட்டிச் சொன்னால் அன்றைக்கு மட்டும் எல்லாம் பளபளவென்று இருக்கும்.

பள்ளியில் அபாகஸ் வகுப்பு. காலில் ஷூவோடு, சீருடை கசங்கி, ஒரு பையன் மணிச்சட்டத்தின் மேலேயே தூங்கிவிட்டான். எழுப்பியபோது கன்னத்தில் வரிசையாக மணியின் தடம். கீபோர்டு, ஹிந்தி, டான்ஸ் என்று பட்டியல் நீளம். காலையில் இருந்து உட்கார்ந்த பிள்ளைக்கு இது இன்னொரு பள்ளிக்கூடம் என்றுதான் எனக்குப் பட்டது.

டே கேரில் முகம் கழுவிவிட்டு, உடை மாற்றி, தட்டில் சுண்டல் கொடுத்திருந்தார்கள். டிவியும் ஓடியது. "மழைக்கு மட்டுந்தானுங்க போடுவோம்" என்றார் அங்கிருந்த அக்கா. வெளியே வெயில் பல்லைக் காட்டியது.

முடிவு செய்தது டிவியோ அபாகஸோ இல்லை, லீவுதான். காலாண்டு லீவு, மே மாசம் எல்லாம் பள்ளி வகுப்பும் கிடையாது. எங்கள் ஊரில் தீபாவளி, பொங்கலுக்குத்தான் கம்பெனிகள் சேர்ந்தாற்போல் மூடும். மற்ற நாளில் தைத்துக்கொண்டே இருக்க வேண்டும். டே கேர் லீவிலும் உண்டு, ஏழரை வரை திறந்திருக்கும். நாங்கள் எழுதிக் கொடுத்த ஆட்களைத் தவிர யார் வந்தாலும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். என் தம்பியையே வாசலில் நிறுத்தி எனக்குப் போன் போட்டார்கள். அவனுக்குக் கோபம், எனக்கு நிம்மதி.

சரி, கலை ஒன்றும் வேண்டாமா என்று மாமியார் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கொங்குப் பக்கத்து ஆட்டமான வள்ளி கும்மிப் பயிற்சிக்குப் போகிறாள். அது அவளே கேட்டது. டிவி விஷயத்தை இன்னும் சில அம்மாக்களோடு சேர்ந்து பேசினோம், இப்போது ஆறு மணிக்கு மேல்தான் போடுகிறார்கள். மே மாசத்து முழுநாள் இடத்துக்கு இப்போதே பெயர் கொடுத்தாயிற்று. கடைசியில் கேட்டால் கிடைக்காதாம்.