பழைய ஆட்டோமேட்டிக் காரு, கியர்பாக்ஸ் மக்கர்: சரி பண்றதா, வித்துடறதா?

எங்க வண்டி 2012 மாடல் ஆட்டோமேட்டிக் செடான். கொஞ்ச நாளாவே செகண்ட்லேந்து தேர்டுக்கு மாறும்போது பின்னாடி யாரோ இடிச்ச மாதிரி ஒரு ஜெர்க், காலைல ஸ்டார்ட் பண்ணி டிரைவ்ல (டி) போட்டா உடனே நகராது, சென்னை கத்திப்பாரா பாலம் ஏறும்போது இன்ஜின் சுத்துற வேகம் காட்டுற ஆர்பிஎம் முள்ளு மட்டும் சர்ருனு மேல போகுது ஆனா ஸ்பீடு ஏறல. சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் மாட்டினாங்க, பி0700னு ஒரு ஃபால்ட் கோட் (code) வந்துச்சு, அதை வெச்சே "கியர்பாக்ஸ் போச்சு மேடம், முழு அசெம்ப்ளியா மாத்தணும்"னு 2 லட்சத்து 10 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் போட்டு கைல குடுத்துட்டாங்க. இந்த வண்டிய இன்னிக்கு வித்தா 2 லட்சம் வந்தாலே பெருசு. கேட்டவங்க எல்லாரும் வித்துடுனு தான் சொன்னாங்க.

எனக்கு மனசு ஒப்பல. "கியர்பாக்ஸ் போச்சு"னா எது போச்சு? அதுக்கு பதில் வராம விக்கிறதா வெச்சுக்கறதானு யோசிக்கறதே வீண். அந்த பி0700 இருக்கே, அது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் "எங்கிட்ட ஏதோ ஃபால்ட் பதிவாகியிருக்கு"னு இன்ஜின் கம்ப்யூட்டருக்கு சொல்ற பொதுவான கோடு, அவ்ளோதான். என்ன ஃபால்ட்டுனு தெரியணும்னா கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையே தனியா படிக்கணும், அதோட ஆயில் பிரஷர் பாக்கணும், கியர்பாக்ஸுக்கு கீழ ஆயில் தேங்குற தட்டு, அதான் பான், அதையும் கழட்டி பாக்கணும். இதுல ஒண்ணு கூட செய்யாம 2 லட்சம் கேக்கறாங்கன்னா அந்த எஸ்டிமேட்டை மடிச்சு பைல வெச்சிட்டு வேற ஆள பாருங்க.

அம்பத்தூர் பக்கம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பாக்குற ஒரு மெக்கானிக்க ஃப்ரெண்டு சொல்லி போனேன். அவர் முதல்ல பண்ணது ஆயிலை ரெண்டு சொட்டு விரல்ல எடுத்து தேய்ச்சு மோந்து பாத்தது. புது ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், நல்லா செவப்பா இருக்கும், எங்களுது டிகாஷன் கலர்ல இருந்துச்சு. பான் கழட்டினா உள்ள ஒரு காந்தம் ஒட்டிட்டு இருக்கும், அதை எடுத்து வெளிச்சத்துல திருப்பி திருப்பி காட்டினார். மேல சாம்பல் கலர்ல மை மாதிரி வழுவழுனு பசை.

"இது பரவால்ல மேடம், எல்லா வண்டிலயும் வர்ற தேய்மானம் தான். கைல குத்துற மாதிரி இரும்புத்தூளு, கறுப்பா கிளட்ச் பிளேட்டு துகளு இருந்தா தான் கியர்பாக்ஸ் இறக்கணும்."

"அப்ப அந்த ஜெர்க் எதனால வருதுண்ணா?"

"பிரஷர் கம்மியா இருக்கு. சோலனாய்டு வீக். பிளேட்டு இன்னும் எரியல, ஆனா இப்படியே ஓட்டினா எரிஞ்சிரும்."

அது தான் விஷயம். ஆட்டோமேட்டிக்ல கியர்பாக்ஸுக்குள்ளயே இருக்குற கிளட்ச் பிளேட்டை அழுத்தி பிடிக்கிறதே ஆயில் பிரஷர், அந்த பிரஷரை எந்தப் பக்கம் எவ்ளோ அனுப்பணும்னு பாத்துக்கறது வால்வு பாடிங்கற ஆயில் வழி பிளாக்கும், அதுல கரண்ட்ல திறந்து மூடுற சோலனாய்டு வால்வும். பிரஷர் குறைஞ்சா பிளேட்டு வழுக்கும், வழுக்கினா சூடு, சூட்டுல ஆயில் கெடும், கெட்ட ஆயிலால இன்னும் வழுக்கும். நம்ம ஊர் வெயில்ல ஓஎம்ஆர் சிக்னல்ல நின்னு நின்னு போற வண்டிக்கு இன்ஜின் சுத்துறத ஆயில் வழியா கியர்பாக்ஸுக்கு கடத்துற டார்க் கன்வெர்ட்டர்ல கிளம்புற சூடே ஜாஸ்தி, அதனால "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்"னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க ப்ளீஸ்.

சோலனாய்டு செட், வால்வு பாடி கிளீனிங், ஃபில்டர், ஆயில், லேபர் எல்லாம் சேத்து 34 ஆயிரம்னார். ஒரு தடவை டிரெய்ன் பண்ணா பாதி கூட வெளிய வராது, மிச்சம் கன்வெர்ட்டர்லயே நிக்கும், அதனால கொஞ்ச தூரம் ஓட்டிட்டு திரும்ப ஒரு தடவை மாத்தணும், அதுவும் இதுலயே சேத்தி.

இப்ப கணக்கு. எல்லாரும் ரிப்பேர் செலவை வண்டியோட விலையோட ஒப்பிடறாங்க, எனக்கு அது தப்பான கணக்குனு தோணுது. இத வித்துட்டு அதுக்கு பதிலா எதுல போவேன், அதுக்கு என்ன ஆகும்ங்கறது தான் கணக்கு. அம்மாவுக்கு இடது முட்டி தேய்மானம், கிளட்ச் மிதிக்க முடியாது, கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் அவங்களே ஓட்டிட்டு போறது இந்த வண்டில தான், அத நிறுத்தறதுங்கற பேச்சுக்கே இடமில்ல. ஸோ அடுத்ததும் ஆட்டோமேட்டிக் தான். 2025 செப்டம்பர்ல சின்ன காருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துலேந்து 18 ஆச்சு, நல்லது தான், ஆனாலும் புது வண்டி விலை 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும்னா நம்ம தமிழ்நாட்டு ரோட் டாக்ஸே 13 சதவீதம், இன்சூரன்ஸ் வேற. பழைய ஆட்டோமேட்டிக் வாங்கலாம்னா அந்த வண்டியோட பான்ல என்ன துகள் இருக்குனு யாருக்கு தெரியும்? என் வண்டில என்ன இருக்குனு நான் கண்ணால பாத்துட்டேன். ஆர்சி 15 வருஷம் 2027ல முடியுது, ஃபிட்னஸ் சர்டிபிகேட் (எஃப்சி) காட்டி ஃபீஸ் கட்டி அஞ்சு வருஷம் நீட்டிக்கலாம், டெல்லி மாதிரி கெடுபிடி இங்க இல்ல. பழைய வண்டிக்கு க்ரீன் டாக்ஸ் இருக்கு, கட்டிக்கலாம். சரி பண்றதுனு முடிவு பண்ணிட்டேன்.

பிளேட்டு எரிஞ்சிருந்து 80, 90 ஆயிரத்துக்கு கியர்பாக்ஸ முழுசா பிரிச்சு கட்டுற ஓவர்ஹால் வந்திருந்தாலும் இன்ஜின், ஏசி, பாடி நல்லா இருக்கறதால பண்ணிருப்பேன். ஆனா புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல செகண்ட்ஸ் கியர்பாக்ஸ் வாங்கி மாட்டறதுக்கு மட்டும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன், எந்த வண்டிலேந்து கழட்டினது எத்தன கிலோமீட்டர் ஓடினதுனு ஒரு பேப்பரும் இருக்காது.

தண்ணி புகுந்த பாக்ஸ்னா கதையே வேற. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப நாங்க வண்டிய வேளச்சேரி பாலத்து மேல ஏத்தி விட்டதால தப்பிச்சோம். கியர்பாக்ஸுக்கு மேல மூச்சு விடுற ஓட்டை ஒண்ணு இருக்கு, வண்டி முழுகினா அது வழியா தண்ணி இறங்கி ஆயில் ரோஸ்மில்க் கலராயிடும், பிளேட்டுல லைனிங்க ஒட்டியிருக்குற பசை விட்டுப்போகும். ரேடியேட்டர் உள்ள இருக்குற ஆயில் கூலர் ஓட்டையானாலும் இதே தான். அந்த கலர் பாத்தா ஆயில் மட்டும் மாத்திட்டு ஓட்டாதீங்க. வெள்ளத்துல போனதுன்னா இன்சூரன்ஸ்ல கேளுங்க, ஓன் டேமேஜ் கவர் (நம்ம வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான கவர்) இருந்தா வெள்ளம் பொதுவா அதுல வரும், ஆனா கியர்பாக்ஸுக்குள்ள தண்ணி போனதுக்கும் உண்டானு பாலிசில பாத்துக்கோங்க. வெறும் தேய்மானத்துக்கு கிளெய்ம் கிடைக்காது.

இன்னொண்ணு, வழில நின்னுடுச்சுன்னா கயிறு கட்டி இழுக்க விடாதீங்க. இன்ஜின் ஓடாதப்ப ஆயில் பம்ப்பும் ஓடாது, வீல் மட்டும் சுத்தும், உள்ள காஞ்சுபோய் தேயும், 34 ஆயிரத்துல முடிய வேண்டிய வேலை ஓவர்ஹால்ல போய் நிக்கும். நாலு சக்கரமும் மேல ஏத்துற ஃப்ளாட்பெட் தான் வேணும்னு போன்லயே சொல்லிடுங்க.