சமஉயரக் கோடுகளும் டிஜிடைசர் மேசையும்

1996ஆம் ஆண்டு குன்னூரில் ஒரு சிறிய வரைபட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 1:50,000 அளவிலான நிலவரைபடத் தாள்களிலிருந்து, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளை டிஜிடைசர் மேசையின் வழியே கணினியில் ஏற்றுவது என் பணி. அத்தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். கோட்டுக்குக் கோடு உயர வேறுபாடு 20 மீட்டர். மலை 45 பாகை சரிந்திறங்கும் இடத்தில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு நடுவே 0.4 மில்லிமீட்டர்தான் இருக்கும். கை சற்றே நழுவினால் ஒரு கோடு மற்றொன்றின் மேல் ஏறி, மலையின் வடிவமே பொய்யாகிவிடும்.

மேசைப் பரப்பின் அடியில் மெல்லிய கம்பிகள் வலைபோலப் பதிந்திருக்கும்; மேலே நகர்த்தும் ‘பக்’ என்ற கைக்கருவியில் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். இரண்டுக்கும் இடையிலான மின்காந்தத் தொடர்பைக் கொண்டு கணினி இடத்தை அறியும். இத்தகைய கருவிகளின் முன்னோடிகளில் ஒன்றாக 1964இல் வந்த ராண்ட் டேப்லெட் என்ற வரைபலகையில் 10 அங்குலச் சதுரப் பரப்பும் ஒரு பேனாவும் இருந்தன. புதிதாக எழுதவும் வரையவும் விரும்புகிறவருக்கு அது பொருந்தியது. ஏற்கெனவே அச்சான கோட்டைப் பிசகாமல் பின்தொடர வேண்டிய எங்களுக்கோ பேனா சாயும், அதன் நுனியே கோட்டை மறைக்கும். ஆகவேதான் தட்டையாகப் படுத்துக் கிடக்கும் பக் எங்கள் மேசைக்கு வந்தது. அதன் கண்ணாடியில் இருந்த குறுக்குக்கோட்டின் வழியே தாளிலுள்ள கோடு தெளிவாகத் தெரியும். அதில் 16 பொத்தான்கள் இருந்ததற்கும் காரணம் உண்டு: கோட்டின் தொடக்கம், வளைவு, முடிவு ஆகியவற்றைக் குறிக்க ஒவ்வொரு முறையும் விசைப்பலகைக்குத் திரும்பினால், கண் விட்ட இடத்தை மீண்டும் தேட வேண்டியிருக்கும்.

ஓவியர்கள் கேட்டது வேறு. அழுத்தத்துக்கேற்பத் தடிக்கும் கோடும், கம்பியும் மின்கலமும் இல்லாத இலகுவான பேனாவும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. 1983இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகாம் நிறுவனம் அவ்வழியில் பெயர் பெற்றது.

எங்களைப் பாடாய்ப்படுத்தியது மூடுபனி. ஈரத்தை உறிஞ்சிய தாள் நீளும். அதுவும் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே அளவாக நீளாது. தாள் மேசையில் எங்கே இருக்கிறதென்று கணினிக்கு உணர்த்தக் காலையில் பதிவுசெய்த அதன் நான்கு மூலைகள் மாலையில் பொருந்தாமல் போக, மறுபடியும் பதிவுசெய்வோம். இரு புள்ளிகளோடு நிறுத்தாமல் நான்கைக் கேட்டு, எஞ்சும் பிழையையும் எண்ணாகக் காட்டிய நிரலை எழுதியவர்கள், தாளோடு மல்லுக்கட்டியவர்களின் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும் என்றே நான் இன்றும் நம்புகிறேன். ஈரத்துக்கு அதிகம் அசையாத பாலியெஸ்டர் பிரதி கிடைத்த நாட்களில் வேலை எவ்வளவோ எளிதாக இருந்தது.

பின்னர் பெரிய ஸ்கேனர்கள் வந்தன. வருடிய படத்தைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கினால் 0.4 மில்லிமீட்டர் 4 மில்லிமீட்டராகிவிடும். மேசையும் பக்கும் மூலைக்குச் சென்றன. மணிக்கணக்காகக் குனிந்திருந்த என் கழுத்துக்கு அது பெரும் விடுதலை.

சென்ற மாதம் கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வடிகால்களைக் கைக்கணினித் திரையில் குறித்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருவரைப் பார்த்தேன். அவர் கையில் இருந்தது பேனா. படமும் பேனாவும் ஒரே பரப்பில் சேர்ந்துவிட்டதால், வேண்டிய இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வரைய முடிகிறது. தூறல் விழத் தொடங்கியதும் அவர் விரல் தொடுகையை அணைத்துவிட்டார். துளி பட்டால் தொடுதிரை அதையும் விரலென்று எடுத்துக்கொள்கிறதாம். பேனாவை மட்டும் வைத்துக்கொண்டு, மழையிலேயே அந்த வடிகாலை முடித்தார்.