பதிவேட்டில் ஏறாத புற்றுநோய்கள்

தொற்றால் வரும் புற்றுநோய்களைத் தென்னாப்பிரிக்காவில் ஆராய நினைக்கும் மாணவர்கள், தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு எப்படி நிரம்புகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1986இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டுக்குப் பெரும்பாலும் நோயியல் ஆய்வகங்களிலிருந்துதான் தகவல் வருகிறது. திசு எடுத்துச் சோதித்து உறுதியானால் பெயர் ஏறும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. சிகிச்சைக்கு முன் திசு எடுத்துவிடுவார்கள். கல்லீரல் விஷயம் வேறு. ஸ்கேனையும் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற, கல்லீரல் புற்றுநோயில் கூடக்கூடிய புரதத்தின் அளவையும் வைத்தே டாக்டர்கள் முடிவுக்கு வருவதுண்டு. ஊசி குத்தினால் ரத்தம் கசியுமோ என்ற பயமும் இருக்கிறது. அந்த நோயாளி பதிவேட்டுக்குள் வராமலே போய்விடுகிறார். அந்த எண்ணை அப்படியே எடுத்தாண்டால் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் செய்யும் கேடு சின்னதாகத் தெரியும். 1995 முதல் குழந்தைகளுக்குப் போடப்படும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் பலனைப் பார்க்க, புற்றுநோய் எண்ணிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். தடுப்பூசி பெற்ற தலைமுறையில் எத்தனை பேர் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் தென்படுகிறது என்று பாருங்கள். விடை சீக்கிரம் கிடைக்கும்.

அடுத்தது எச்.ஐ.வி. அது உள்ள பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆபத்து 6 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை உள்நாட்டில் அளக்க, ஆய்வக எச்.ஐ.வி. பதிவுகளையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் ஆள் வாரியாகப் பொருத்த வேண்டும். 13 இலக்க அடையாள எண் இருந்தால் வேலை சுலபம்: முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. ஆனால் படிவங்களில் அந்தக் கட்டம் பல நேரம் காலியாகவே இருக்கும். பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி, பாலினம் இவைதான் மிஞ்சும்.

இங்கேதான் இந்திய வம்சாவளியினரான நம் ஆட்கள் விஷயத்தில் சிக்கல். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் கோவேந்தர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். குடும்பப் பெயர் ஒத்துப்போவதால் அங்கே ஒன்றும் நிரூபணமாவதில்லை. இரண்டு பதிவும் ஒரே ஆளுடையதா என்று மதிப்பெண் போடும்போது, அடிக்கடி வரும் பெயருக்குக் குறைந்த மதிப்பெண் கொடுங்கள். எச்.ஐ.வி. சோதனை கல்யாணத்துக்கு முன்பும் திசுச் சோதனை பின்பும் நடந்திருந்தால் குடும்பப் பெயரே மாறியிருக்கும். ஆகவே குடும்பப் பெயரைக் கணக்கில் சேர்க்காமல், பிறந்த தேதியையும் முதல் பெயரையும் வைத்து இன்னொரு சுற்று பொருத்துங்கள். நாளும் மாதமும் இடம் மாறியவை, தேதி தெரியாமல் 01-01 என்று போட்டவை இரண்டையும் தனியே பிரித்து வையுங்கள். சந்தேகமான ஜோடிகளை இருவர் தனித்தனியே பார்த்துத் தீர்மானிக்கட்டும். பொருந்தாமல் விட்டுப்போகும் ஒவ்வொரு பெண்ணும் ‘எச்.ஐ.வி. உண்டு, புற்றுநோய் இல்லை’ என்ற கணக்கில் போய் உட்கார்ந்துவிடுவார். ஆபத்து குறைவாகத் தெரியும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை என்ற முடிவு இந்த எண்களை நம்பித்தான் எடுக்கப்படுகிறது. அதனால் இந்த வேலையில் அவசரம் ஆகாது.

குவாசுலு-நட்டால் மாகாண ஆறுகளில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணிப் புழு நோய் இருப்பதால் சிறுநீர்ப்பையையும் பாருங்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான சி67 குறியீட்டில் வருவதையெல்லாம் மொத்தமாக எண்ணிவிடாதீர்கள். திசு வகைக் குறியீட்டில் 8070/3 என்ற செதிள் செல் வகைதான் அந்தப் புழுவோடு அதிகம் தொடர்புடையது. 8120/3 சிறுநீர்ப்பையின் உள்படலச் செல்களில் வரும் வேறு வகை, அதற்குப் புகையிலை முக்கியக் காரணம். இரண்டும் கலந்த எண்ணைக் காட்டினால், பள்ளிப் பிள்ளைகளுக்கு எடையில் கிலோவுக்கு 40 மி.கி. பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து கொடுக்கும் திட்டம் எந்த மாவட்டத்துக்கு முதலில் போக வேண்டும் என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.